வெனீர் பற்கள்: விலையைச் சொல்கிறார்கள், ஆயுளைச் சொல்வதில்லை

திருத்தணியிலும் அரக்கோணத்திலும் பல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் முன்பெல்லாம் ‘பல் எடுத்தல், பல் கட்டுதல், சொத்தை அடைத்தல்’ என்று மூன்று வரிகள் இருக்கும். இன்று அவற்றுக்கு மேலே பெரிய எழுத்தில் ‘ஸ்மைல் டிசைனிங்’ வந்து அமர்ந்துவிட்டது. புன்னகையைத் திருத்தி அமைத்துத் தருவதாகச் சொல்லும் இந்தச் சிகிச்சைத் தொகுப்பின் மையப் பொருள் வெனீர். அதாவது, முன்பற்களின் வெளிப்பரப்பில் ஒட்டப்படும், நகம்போல் மெல்லிய பீங்கான் அல்லது காம்போசிட் ஓடு. திரைக் கலைஞர்களுக்கும் மாநகரச் செல்வந்தர்களுக்கும் உரியதாக இருந்த இது, இப்போது தவணைத் திட்டத்துடன் கே.ஜி.கண்டிகை போன்ற சிற்றூர்களின் திருமணச் செலவுப் பட்டியலிலும் நகை, பட்டுப்புடவைக்கு அடுத்த வரியில் இடம்பிடித்திருக்கிறது.

வந்ததில் தவறேதும் இல்லை. வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகிய ஒருவர் தயக்கமின்றிச் சிரிக்க விரும்புவதை ஆடம்பரம் என்று ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், நகையைப்போல அதை விற்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நகை பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். வெனீருக்காகச் சீவப்பட்ட பல்லின் மேற்பரப்பு மீண்டும் வளர்வதில்லை. எட்டுப் பற்களுக்கு எவ்வளவு என்று கேட்டால் உடனே விலை சொல்கிறார்கள். எத்தனை ஆண்டு இருக்கும், கழன்றால் என்ன செய்வது, அதைத் தவிர வேறு வழி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கிடைப்பது அரிது.

வெனீரின் வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. 1928-ஆம் ஆண்டளவில் ஹாலிவுட் நடிகர்களுக்காக இதை உருவாக்கியவர் சார்லஸ் பிங்கஸ் என்ற கலிபோர்னியப் பல் மருத்துவர். படப்பிடிப்பின்போது மட்டும், பல்செட்டுக்குப் பயன்படும் பசையால் ஒட்டப்பட்டு, வேலை முடிந்ததும் கழற்றப்பட்ட அலங்கார ஓடுகள் அவை. உள்ளே இருந்த பல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர், பல்லின் எனாமலை அமிலத்தால் சற்றே அரித்தால் பிசின் அதில் உறுதியாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பரப்பையும் அவ்வாறே அரித்து ஒட்டும் முறை வந்தபிறகுதான் வெனீர் நிரந்தரச் சிகிச்சை ஆயிற்று. மாலையில் கழற்றப்பட்ட ஒன்று, கழலவே கூடாத ஒன்றாக மாறியது. கழன்றால் பிரச்சினை என்பதும் அப்போதுதான் பிறந்தது.

இதில் எல்லாம் எனாமலைப் பொறுத்தே இருக்கிறது. முன்பல்லின் எனாமல், கடிக்கும் விளிம்பருகே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்டது; ஈறருகே அதில் பாதிகூட இருக்காது. வெனீருக்காகப் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை சீவுகிறார்கள். கை சற்று ஆழமாகப் போனாலும் எனாமல் தீர்ந்து அதன் கீழுள்ள டென்டின் அடுக்கு வெளிப்படும். டென்டினில் ஈரமும் உயிர்ச் சத்தும் அதிகம். பசை அங்கே எனாமலில் பிடிப்பதுபோல் பிடிப்பதில்லை. எனாமலுக்குள்ளேயே நின்று, நல்ல கடியமைப்பு உள்ளவருக்குச் செய்யப்பட்ட பீங்கான் வெனீர்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஆண்டுகளைத் தாண்டியும் நன்றாகவே இருக்கின்றன என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, வெனீர் மோசமான சிகிச்சை என்று சொல்ல வரவில்லை. பொருத்தமற்ற பல்லில், பொருத்தமற்ற ஆழத்தில், பொருத்தமற்ற அவசரத்தில் செய்யப்படும்போதுதான் அது தோற்கிறது. காம்போசிட் வெனீர்களின் ஆயுள் இன்னும் குறைவு. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் நிறம் மங்கவும் விளிம்பு உதிரவும் தொடங்கிவிடும்.

நன்றாகச் செய்யப்பட்டதே என்றாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 25 வயதில் எட்டு வெனீர் வைத்துக்கொள்ளும் ஒருவர், ஒவ்வொன்றும் 15 ஆண்டுகள் நிலைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், 70 வயதுக்குள் இரண்டு முறையேனும் அவற்றை மாற்ற நேரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய ஓட்டையும் பசையையும் தேய்த்து எடுக்கும்போது பல்லும் கொஞ்சம் போகும். விலைப்பட்டியலில் இருப்பது முதல் தவணை மட்டுமே.

எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த உறவுக்காரப் பெண் ஒருவரின் அனுபவம் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர் பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். சிறு வயதில் குடித்த ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு அவருடைய முன்பற்களில் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. பெண் பார்க்கும் படலத்துக்கு முன்பாக, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மேல்வரிசையில் எட்டுப் பற்களுக்கு வெனீர் வைத்தார்கள். நான்காம் ஆண்டில் தட்டையைக் கடித்தபோது ஒன்று கழன்று கையில் வந்தது. இன்னொன்றின் ஓரத்தில் கருப்புக் கோடு. இரண்டு பற்களைச் சுற்றி ஈறில் ரத்தக் கசிவு. வெனீர் வைத்த மருத்துவமனை அந்த முகவரியில் இல்லை. கையில் இருந்த ரசீதில் ‘ஸ்மைல் டிசைனிங் – 8’ என்ற ஒரு வரியும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. எந்த வகைப் பீங்கான், எந்தப் பசை, பல் எவ்வளவு சீவப்பட்டது என்று எதுவும் இல்லை.

அடுத்துச் சென்ற இரண்டு இடங்களுக்கு நானும் உடன் சென்றேன். முதலாவது இடத்தில், எட்டையும் எடுத்துவிட்டு எட்டுப் பற்களுக்கும் முழு உறை, அதாவது மக்கள் ‘கேப்’ என்று சொல்வது, போட வேண்டும். சில பற்களுக்கு வேர் சிகிச்சையும் தேவைப்படலாம் என்றார்கள். இரண்டாவது இடம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே கழன்ற ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பசை எங்கே தங்கியிருக்கிறது என்பதை முதலில் கவனித்தார்கள். பசை பல்லில் தங்கியிருந்தால் பீங்கானின் உட்புறம் சரியாகத் தயார்செய்யப்படவில்லை என்று ஊகிக்கலாம். பசை ஓட்டோடு வந்துவிட்டால் பல்லில் பிடிப்பு இல்லை என்று பொருள். இவருக்கு நேர்ந்தது இரண்டாவது. ஃபுளோரைடால் பாதிக்கப்பட்ட எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் இளகாது. வழக்கமான நேரத்துக்கு அரித்தால் பசை போதிய அளவு பிடிக்காது என்பது பாடநூலிலேயே உள்ள செய்தி. தூக்கத்தில் அவர் பல்லை நறநறவென்று கடிப்பதும் அங்கேதான் தெரியவந்தது. கழன்ற ஓடு உடையாமல் இருந்ததால் அதையே சுத்தம்செய்து மீண்டும் ஒட்டினார்கள். கருப்புக் கோட்டைத் தேய்த்து மெருகேற்றினார்கள். ஈறுக்குள் துருத்திக்கொண்டிருந்த விளிம்புகளைச் சீராக்கினார்கள். இரவில் அணிய ஒரு பல் காப்புத் தட்டு. மற்ற ஆறைத் தொடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

ஒரே வாய், இரண்டு தீர்ப்புகள். இவற்றுக்கு இடையிலான தொலைவு பணத்தில் மட்டும் இல்லை. எடல்ஹாஃப், சோரன்சன் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெனீருக்காகப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 3 முதல் 30 விழுக்காடு வரை போகிறது; முழு உறைக்கோ 63 முதல் 72 விழுக்காடு. வெனீர் தோற்றால் கேப் போட்டால் போயிற்று என்று எளிதாகச் சொல்லப்படுவதன் உண்மையான அளவு இது. இங்கிலாந்திலிருந்து மலிவு விலைக்காகத் துருக்கி சென்ற இளைஞர்கள் பலர், வெனீர் என்று நம்பி ஆரோக்கியமான பற்களைக் கூம்புகளாகச் சீவி முழு உறை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ‘துருக்கிப் பற்கள்’ என்ற கேலிப்பெயரே அங்கு உருவாயிற்று. சொத்தை ஆழமாகப் பரவியிருந்தால், பல் பெரிதாக உடைந்திருந்தால், முழு உறை சரியான மருத்துவமே. ஒரு ஓடு கழன்றதற்காக எட்டுப் பற்களைச் சீவுவது அப்படிப்பட்டது அன்று. இத்தகைய ஆலோசனை வந்தால் இன்னோர் இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

கழன்ற ஓட்டை வீட்டிலிருக்கும் உடனடிப் பசையால் ஒட்டிக்கொள்வோர் உண்டு. அது ஈறையும் பல்லையும் புண்ணாக்குவதோடு, ஓட்டை மீண்டும் முறையாக ஒட்டும் வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறது. ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்வதே போதும். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் காம்போசிட் வைத்துச் சரிசெய்யலாம். உள்ளே சொத்தை பிடித்திருந்தால் மட்டும் தாமதம் கூடாது.

மாற்று வழிகளைப் பற்றி வெனீர் தோற்ற பிறகு பேசுவதைவிட, அதை வைப்பதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். தேநீர், வெற்றிலை, புகையிலைக் கறை என்றால் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி போய்விடும். மஞ்சள் நிறத்துக்கு மருத்துவர் மேற்பார்வையில் ப்ளீச்சிங் உண்டு. பற்கள் கோணலாக இருப்பதை வெனீரால் மறைப்பதைவிடக் கம்பி கட்டி நேராக்குவது, காலம் பிடித்தாலும், பல்லைச் சீவாமல் முடியும். கம்பி கட்ட ஒன்றரை ஆண்டு, முகூர்த்தத்துக்கு இருப்பதோ ஆறு வாரம் என்னும் நெருக்கடியில்தான் வெனீர் வெல்கிறது. 2024 பிப்ரவரியில் ஹைதராபாத் ஜூப்ளி ஹில்ஸில், திருமணம் நிச்சயமாகியிருந்த 28 வயது இளைஞர் ஒருவர் புன்னகை சீரமைப்புச் சிகிச்சையின்போது உயிரிழந்தார்; மயக்க மருந்தின் அளவு மிகுந்துவிட்டது என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். அத்தகைய மரணம் மிக மிக அரிது. அதைக் காட்டி எவரையும் அச்சுறுத்துவது முறையல்ல. ஆனால், திருமணத் தேதி என்ற கடிகாரம் மருத்துவ முடிவுகளை எப்படி விரட்டுகிறது என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று என் நினைவில் இல்லை.

ஃபுளோரைடு கறைக்கும் தனி வழிகள் உள்ளன. நீர்த்த அமிலமும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் கலந்த பசையால் எனாமலின் மேற்பரப்பை மில்லிமீட்டரின் சிறு பின்னம் மட்டும் தேய்த்து எடுக்கும் ‘மைக்ரோ அப்ரேஷன்’ என்ற முறை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. மிதமான பழுப்புக் கறைகளில் பெரும்பகுதி இதிலும், இதைத் தொடரும் ப்ளீச்சிங்கிலும் மங்கிவிடும். வெண்திட்டுகளுக்கு நீர்மப் பிசினை எனாமலுக்குள் ஊடுருவச் செய்யும் முறை வந்திருக்கிறது. குழிவிழுந்த பற்களுக்குக் குழியை மட்டும் காம்போசிட்டால் நிரப்பலாம். இவை அனைத்தும் தோற்றாலும் வெனீருக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். வெனீரிலிருந்து இவற்றுக்குத் திரும்பும் வழி கிடையாது. எனவே, எளியதிலிருந்து தொடங்குவதே முறை. வணிகத்தில் அந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. ஒரு மணி நேர மைக்ரோ அப்ரேஷனில் கிடைக்கும் வருவாயும் எட்டு வெனீரில் கிடைக்கும் வருவாயும் ஒன்றல்ல. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பல்லாயிரம் இளம் மருத்துவர்களுக்கு அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு. கடன் வாங்கிக் கருவி நிறுவி ஒரே தெருவில் நான்கு பேர் போட்டியிடும் நிலையில், அவர்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமாகாது.

இந்தக் கறையை அந்தப் பெண் தேடிப்போய் வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் எண்ண வேண்டும். சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு நச்சால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதை ஷார்ட் தலைமையிலான குழு 1937-இலேயே பதிவுசெய்தது. நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரையிலான காலத்தில் குடிக்கும் நீரே கறையைத் தீர்மானிக்கிறது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லையெனில் 1.5 வரை அனுமதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியவை. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால், காவிரி நீர் குழாயில் வருவதற்கு முன்பே எட்டு வயதைக் கடந்துவிட்ட தலைமுறைதான் இன்று திருமண வயதிலும் வேலை தேடும் வயதிலும் நிற்கிறது. அவர்களுடைய எனாமலில் பதிந்ததை எந்தக் குடிநீர்த் திட்டமும் மாற்றாது. நீரைத் திருத்திய அரசு, பல்லைச் சந்தையிடம் விட்டுவிட்டது.

ஃபுளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் 2008-09 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் நோக்கங்களில் பாதிக்கப்பட்டோருக்கான சிகிச்சையும் மறுவாழ்வும் உண்டு. முடங்கிய எலும்புகளுக்கு முன்னுரிமை தருவது சரியே; ஆனால் கறைபடிந்த பல் ‘வெறும் அழகுப் பிரச்சினை’ என்று பட்டியலுக்கு வெளியே தள்ளப்படுவது சரியல்ல. இதில் வரிச் சட்டம் சுகாதாரத் துறையைவிட நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது என்பது வேடிக்கை. மருத்துவச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கும் அறிவிக்கை, அழகுக்கான அறுவைச் சிகிச்சைகளை விலக்கிலிருந்து நீக்கிவிட்டு, பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் நேர்ந்ததைச் சீரமைப்பதாக இருந்தால் மட்டும் விலக்கு தொடரும் என்கிறது. ஃபுளோரோசிஸ் எனாமல் வளரும்போதே நேர்ந்த குறைபாடுதான்.

தோற்றுப்போன வெனீருக்குச் சட்டம் என்ன தருகிறது? கையில் காகிதம் இருந்தால், ஓரளவு தருகிறது. கட்டண மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கே.ஜி.கண்டிகையில் இருப்பவருக்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக்கட்டணமும் இல்லை. ஆனால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வர வேண்டும். வெனீர் கழன்றது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. அதை நிரூபிக்க ஆவணம் வேண்டும். பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பாதுகாத்தால் போதும் என்கின்றன. பத்து, பதினைந்து ஆண்டுகள் நிலைக்கும் என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்கு மூன்று ஆண்டு ஆவணம்! எங்கள் பெண்ணின் வெனீர் நான்காம் ஆண்டில் கழன்றது. தங்க நகைக்கு 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி கட்டாயம். அதே கல்யாணத்தில் வாங்கிய நகைக்கு ஹால்மார்க் சீட்டு இருக்கிறது, வாய்க்குள் ஒட்டியதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது சரியான புகார். பீங்கான் உறைகளுக்குச் சில ஆய்வகங்கள் உத்தரவாத அட்டை தருகின்றனதாம். அந்த அட்டை பீங்கானுக்குத்தான் பொறுப்பேற்கிறது. சீவப்பட்ட பல்லுக்கு அன்று.

தோல்விகளை எங்கும் தொகுத்துப் பதிவுசெய்யாததே அடிப்படைக் குறை. 2023-இல் வாணியம்பாடியில் பல் சிகிச்சையுடன் தொடர்புடைய மூளைத் தொற்றால் எட்டுப் பேர் உயிரிழந்த செய்தியே, 2025-இல் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்த பிறகுதான் பொதுவெளியில் விவாதமானது. உயிர்ச்சேதத்துக்கே இந்த நிலை என்றால், கழன்று விழும் ஓடுகளை யார் எண்ணப்போகிறார்கள்?

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம்கூட அல்ல. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்சநீதிமன்றம், சிகிச்சைக்கு ஒப்புதல் பெறும்போது அதன் தன்மை, பயன், அபாயம் ஆகியவற்றோடு, மாற்று வழிகள் இருந்தால் அவற்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று தெளிவாக்கியது. இதை வெனீருக்குப் பொருத்தி, தமிழில் ஒரு பக்கப் படிவமாகத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஒவ்வொரு பல் மருத்துவமனையிலும் கட்டாயமாக்கலாம். எத்தனை பற்கள், எவ்வளவு சீவப்படும், என்ன பொருள், எதிர்பார்க்கும் ஆயுள், மாற்றும்போது ஆகும் செலவு, பரிசீலித்துத் தள்ளிய மாற்று வழிகள் ஆகிய விவரங்கள் அதில் இருக்கட்டும். ஒரு படி நோயாளியிடம் இருக்கட்டும். மருத்துவமனை மூடினாலும் அந்தக் காகிதம் மூடாது. 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியிருக்கிறது. அதன்கீழ் புதிய நெறிமுறைகளை வகுக்கும்போது, ஆவணங்களைக் காக்கும் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து பத்தாக உயர்த்துவதில் மருத்துவர்களுக்கும் இழப்பில்லை. கணினியில் சேமிப்பதற்கு இடம் ஒரு பொருட்டல்ல.

அடுத்தது அரசு மருத்துவமனைகள். திருத்தணியிலிருந்து ஒருவர் இத்தகைய சிகிச்சையை அரசிடம் பெற விரும்பினால் 80 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் பயணித்து, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. பென்னாகரத்திலிருந்து அது இன்னும் எட்டாத் தொலைவு. மைக்ரோ அப்ரேஷனுக்கும் காம்போசிட் நிரப்புதலுக்கும் பீங்கான் ஆய்வகம் வேண்டாம், விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடமிருந்து தொடங்கி, கறைபடிந்த பற்களுக்கு அங்கேயே கட்டணமின்றி இச்சிகிச்சையை அளிக்கத் தேவையான பொருள்களையும் சில நாள் பயிற்சியையும் ஃபுளோரோசிஸ் திட்ட நிதியிலிருந்தே வழங்க முடியும்.